ஷட்டர் திறந்திருந்த இரவுகள்

வெள்ளி, ஆற்றங்கரை

கேமராவின் ஒளிக்கதவான ஷட்டரை நீண்ட நேரம் திறந்து வைத்துப் படமெடுக்கத்தான் இந்தப் பயணம். அமாவாசையைக் கணக்கு வைத்து நாள் குறித்தேன். போன செவ்வாய் அமாவாசை. இன்று மூன்றாம் பிறை. இருட்டி இரண்டு மணி நேரத்துக்கெல்லாம் மறைந்துவிடும். நிலா தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் பிந்தி மறைவதால், வருகிற செவ்வாயன்று நாங்கள் மலைக்குப் போய்ச் சேரும்போது அரை நிலா நள்ளிரவு வரை நிற்கும். முன்னிரவில் நிலா வெளிச்சத்தில் மலை, பின்னிரவில் இருட்டில் நட்சத்திரம். இரண்டும் ஒரே ராத்திரியில் கிடைக்கிற நாட்கள் மாதத்தில் சிலவே. முதலில் நகரம், அப்புறம் கடல், கடைசியில் மலை என்று வரிசை வைத்ததும் அதற்காகத்தான். நகரத்தில் நிலா இருந்தாலும் இல்லாவிட்டாலும் படத்துக்குப் பெரிய வித்தியாசம் கிடையாது.

தம்பி கூட வருகிறான். கேமரா அவனுக்குப் புதிது, கேள்விகள் நிறைய. இடங்களின் பெயரை இந்தத் தொடரில் எழுதப்போவதில்லை. நல்ல இருட்டு இப்போது அபூர்வமாகிவிட்டது. பெயர் பரவினால் அங்கே டார்ச்சும் கார் விளக்கும் வந்து சேரும். தவிர, நான் சொல்லப்போவது எந்த ஆற்றங்கரைக்கும் எந்தக் கடலோரத்துக்கும் பொருந்தும்.

சூரியன் மறைவதற்கு முக்கால் மணி முன்பே கரைக்கு வந்துவிட்டோம். நகரத்தை இரவில் எடுப்பது என்று பேச்சு. உண்மையில் நல்ல படங்கள் முழு இரவு வருமுன்பே கிடைக்கின்றன. சூரியன் தொடுவானத்துக்குக் கீழே 4 பாகையிலிருந்து 8 பாகை வரை இறங்கும் நேரத்தில் வானத்தின் நீலமும் தெருவிளக்கின் வெளிச்சமும் ஏறத்தாழ ஒரே அளவுக்கு வருகின்றன. நீலப்பொழுது என்கிறோமே, அது. பூமத்திய ரேகைப் பக்கம் சூரியன் செங்குத்தாக இறங்குவதால் இந்த 4 பாகையும் கால் மணி நேரத்தில் கடந்துவிடும். வடக்கே போகப் போக அது நீண்டுகொண்டே போகும். எங்களுக்குக் கிடைப்பது அந்தக் கால் மணிதான் என்பதால் எதை எந்த வரிசையில் எடுப்பது என்று முன்பே பேசி வைத்துக்கொண்டோம்.

பாலத்தின் மேல் நின்று எடுக்கலாம் என்றான் தம்பி. பஸ் போகும்போதெல்லாம் பாலத்தின் நடுப்பகுதி அதிரும், ட்ரைபாடும் கூடவே அதிரும். பாலத்தின் மேல்தான் எடுத்தாக வேண்டும் என்றால் தூணுக்கு நேர் மேலே நிற்பது கொஞ்சம் பரவாயில்லை. நாங்கள் கரையில் இறங்கி, பாலம் படத்துக்குக் குறுக்கே ஓடும்படி வைத்தோம். இனி வரும் எண்களில் எஃப் என்பது லென்ஸின் துளை, அதாவது அப்பெர்ச்சர்; எண் கூடினால் துளை சிறிது. ஐஎஸ்ஓ என்பது ஒளியைப் பதியும் சென்சாரின் உணர்திறன். எஃப் 11, ஐஎஸ்ஓ 100. முதல் படம் 4 விநாடி. வெளிச்சம் குறையக் குறைய 8, 15, கடைசியில் 30 விநாடி. ஒரே சட்டகம், ஒரே கோணம், நேரம் மட்டும் மாறுகிறது. ஆறும் கூடவே மாறுகிறது. 4 விநாடியில் சிற்றலை தெரிகிறது, விளக்குகளின் பிரதிபலிப்பு உடைந்து கிடக்கிறது. 30 விநாடியில் அலை அத்தனையும் கரைந்து, ஒவ்வொரு விளக்குக்கும் கீழே ஒரு நேர்த்தூண் நிற்கிறது.

எஃப் 11 வைத்ததற்கு இன்னொரு காரணம் உண்டு. துளை சிறிதாகும்போது அப்பெர்ச்சர் இதழ்களின் ஓரத்தில் ஒளி விலகி, விளக்குகளைச் சுற்றிக் கதிர்கள் கிளம்பும். இதழ்களின் எண்ணிக்கை இரட்டைப்படை என்றால் அத்தனை கதிர். ஒற்றைப்படை என்றால் இரண்டு மடங்கு. என் லென்ஸில் 9 இதழ், எனவே ஒவ்வொரு விளக்கிலும் 18 கதிர். எஃப் 16, 22 என்று போனால் கதிர் இன்னும் கூர்மையாகும், ஆனால் படம் முழுவதும் மழுங்கத் தொடங்கும். கதிருக்காகப் பாலத்தின் கம்பிகளை இழக்க எனக்கு மனமில்லை.

சனி, நாற்சந்தி

இன்று முழுக்க வாகன வெளிச்சக் கோடுகள். நடைமேம்பாலத்தின் ஓரத்தில், கீழே சாலை வளைந்து போகிற இடம். வளைவு முக்கியம். நேர்ச்சாலையில் கோடுகள் சீக்கிரம் சலித்துப்போகும்.

தம்பியின் முதல் கேள்வியே சரியான கேள்வி. "ரொம்ப நேரம் திறந்து வெச்சா கோடு எல்லாம் வெளுத்துப்போகாதாக்கா?" போகாது. வரிசையாக அடுக்கிய குடங்களின் மேல் ஒரு குழாயை நகர்த்திக்கொண்டே போவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குடத்திலும் நாலு துளிதான் விழும். எவ்வளவு தூரம் நகர்த்தினாலும் நனைகிற குடங்களின் எண்ணிக்கை கூடுமே தவிர எந்தக் குடமும் நிறையாது. சென்சாரின் புள்ளிகள் அந்தக் குடங்கள். காரின் விளக்கு ஒரு புள்ளியில் கணநேரம்தான் தங்குகிறது. ஷட்டர் 10 விநாடி திறந்திருந்தாலும் 30 விநாடி திறந்திருந்தாலும் ஒரு காரின் கோடு எவ்வளவு பிரகாசமோ அவ்வளவுதான். நீளும், அடுத்த கார் வந்தால் இன்னொன்று சேரும். கோட்டின் பிரகாசத்தை மாற்ற வேண்டுமானால் அப்பெர்ச்சரையும் ஐஎஸ்ஓவையும்தான் தொட வேண்டும்.

நிற்கிற கட்டடத்துக்குக் கணக்கு வேறு. அதன் ஒளி ஒரே குடத்தில் விழுந்துகொண்டே இருக்கிறது, நேரம் கூடக்கூட நிரம்புகிறது. ஆக, கையில் இரண்டு திருகுகள். வாகனத்துக்கு அப்பெர்ச்சர், கட்டடத்துக்கு நேரம். இது பிடிபட்டால் மற்றதெல்லாம் பழக்கத்தில் வந்துவிடும். எல்லாக் கைப்புத்தகத்திலும் எழுதியிருக்கும் "15 முதல் 30 விநாடி" என்ற ஒரு வரியை மனப்பாடம் செய்வதைவிட இது எவ்வளவோ மேல். இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள், மலையில் மறுபடி தேவைப்படும்.

நடைமுறையில் நாங்கள் செய்தது: எஃப் 11, ஐஎஸ்ஓ 100, பல்ப் மோட் (நாம் மூடும் வரை ஷட்டர் திறந்தே இருக்கும்), கையில் ரிமோட். சிக்னல் பச்சை விழுந்ததும் திறப்பது, கடைசி வண்டி சட்டகத்தை விட்டு வெளியேறியதும் மூடுவது. பாதியில் மூடினால் கோடு காற்றில் அறுந்து தொங்கும். பஸ் வந்தால் நல்லது. அதன் உயரமான விளக்குகள் மற்றக் கோடுகளுக்கு மேலே தனியாக ஒரு தளத்தில் ஓடும். பிரேக் போடுகிற இடத்தில் சிவப்பு தடித்துத் தெரிகிறது. வண்டி மெதுவாவதால் குடத்தில் கூடுதல் துளி, பிரேக் விளக்கும் பிரகாசம்.

இரவு கூடியதும் கீழே இறங்கி, மக்கள் சாலையைக் கடக்கும் இடத்தில் 30 விநாடி வைத்தோம். திரையைப் பார்த்துவிட்டுத் தம்பி, "அக்கா, இத்தனை பேர் நடந்தாங்களே, எல்லாரும் எங்க?" என்றான். ஒருவரும் இல்லை. கம்பத்தில் சாய்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் மட்டும் இருந்தார்.

அவனுக்கு அப்போதுதான் புகைப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவரான தாகேரின் படத்தைப் பற்றிச் சொன்னேன். 1838இல் பாரிஸின் பூலவார் டு தாம்பிள் தெருவை லூயி தாகேர் ஒரு மாடியிலிருந்து எடுத்தார். பகல் நேரம், நடமாட்டம் மிகுந்த தெரு. படம் பதியப் பல நிமிடங்கள் பிடித்ததால் வண்டிகளும் மனிதர்களும் மறைந்து, தெரு வெறிச்சோடித் தெரிகிறது. மூலையில் ஒருவர் மட்டும் காலணிக்குப் பாலிஷ் போட நின்றிருக்கிறார். நின்றதால் பதிந்தார். மனித உருவம் பதிவான மிகப் பழைய புகைப்படமாக அதைத்தான் கருதுகிறார்கள். புகைப்படக் கலை தொடங்கியபோதே இப்படித்தான் தொடங்கியது. தாகேருக்கும் முன்னோடியான நீப்ஸ் 1826 அல்லது 1827இல் ஜன்னல் வழியே எடுத்த படத்துக்குக் குறைந்தது 8 மணி நேரம் ஆனதாகச் சொல்வார்கள். சூரியன் கிழக்கிலிருந்து மேற்கே போய்விட்டதால் கட்டடங்களின் இரண்டு பக்கமும் வெயில் விழுந்திருக்கும். அன்றைக்கு அது கட்டாயம். இன்று 8000இல் ஒரு விநாடி வரை கையில் இருந்தும் நாம் விரும்பி நீட்டிக்கிறோம். எத்தனை விநாடி என்று முடிவு செய்வது, படத்தில் யார் இருக்கலாம் யார் இருக்கக் கூடாது என்று முடிவு செய்வதுதான். அந்தப் பொறுப்பு எனக்குப் பிடித்திருக்கிறது.

ஞாயிறு, பாறைக் கடற்கரை

விடிவதற்கு ஒரு மணி நேரம் முன்பே பாறைகளில். கடல் வற்றிக்கொண்டிருந்தது. அலை ஏற்ற நேரத்தைப் பார்க்காமல் பாறைக் கரைக்கு வரக் கூடாது. திரையையே பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்னால் தண்ணீர் ஏறுவது தெரியாது. வற்றும் நேரம் பாதுகாப்பும் கூட, மணலும் காலடி இல்லாமல் துடைத்துவிட்டது மாதிரி கிடக்கும்.

இங்கே என்டி ஃபில்டர் வேண்டும், லென்ஸின் முன் மாட்டும் கறுப்புக் கண்ணாடி. விடிந்தபின் எவ்வளவு சுருக்கினாலும் வெளிச்சம் அதிகம். கண்ணாடியை இருட்டாக்கித்தான் நேரத்தை வாங்க வேண்டும். ஒரு ஸ்டாப் என்பது வெளிச்சத்தை இரட்டிப்பது அல்லது பாதியாக்குவது. 10 ஸ்டாப் ஃபில்டர் நேரத்தை ஏறத்தாழ 1000 மடங்காக்கும், 6 ஸ்டாப் 64 மடங்கு. 8இல் ஒரு விநாடிக்கு வருகிற காட்சி, 10 ஸ்டாப் போட்டால் இரண்டு நிமிடம். ஃபோகஸ், சட்டகம் எல்லாம் ஃபில்டர் போடுமுன் முடித்துவிட வேண்டும். போட்டபின் எதுவும் தெரியாது. கண்ணாடி வைத்த எஸ்எல்ஆர் கேமரா என்றால் வியூஃபைண்டரை மூடுங்கள், அதன் வழியே ஒளி கசிந்து படத்தின் நடுவே பட்டை விழும்.

இரண்டு நிமிடம், நான்கு நிமிடம் வைத்தால் கடல் பனிமூட்டமாகிவிடும், பாறைகள் மேகத்தில் மிதக்கும். எல்லாரும் எடுக்கிற படம் அது. அழகுதான், ஆனால் அதில் கடல் இல்லை என்பது என் எண்ணம். அலை எப்படி வந்தது, எந்தப் பக்கம் திரும்பியது, பாறையைச் சுற்றி எப்படி வழிந்தது என்ற எதுவும் மிஞ்சுவதில்லை. எனக்குப் பிடித்தது அரை விநாடியிலிருந்து ஒரு விநாடி. அலை வரும்போது அல்ல, திரும்பும்போது ஷட்டரை அழுத்த வேண்டும். நுரை பின்வாங்கும் அந்தக் கணத்தில் ஒவ்வொரு குமிழும் தன் தடத்தை வரைந்துகொண்டே போகும். மணலின் சரிவு, கற்கள், நீரின் வேகம் எல்லாம் அந்தக் கோடுகளில் படிக்கக் கிடைக்கும்.

ஆனால் ஒவ்வொரு அலையும் வேறு. காலை முழுக்க அதே இடத்தில் நின்று அரை விநாடிகளாக எடுத்துக்கொண்டிருந்தேன். ட்ரைபாடின் கால்களை மணலில் நன்றாக அழுத்திப் புதைத்தேன்; இல்லாவிட்டால் ஒவ்வொரு அலைக்கும் அடிமணல் கரைந்து மெல்ல அமிழும். தம்பி நான்கு நிமிடப் படங்களின் பக்கம். "எனக்கு அமைதியா இருக்கறதுதான் பிடிச்சிருக்கு" என்றான். சரி, அது அவன் கடல்.

தங்கிய இடத்துக்கு வந்ததும் ட்ரைபாடைக் கால் கால் ஆகக் கழற்றி நல்ல தண்ணீரில் அலசினோம். உப்பு காய்ந்தால் பூட்டுகள் இறுகிவிடும்.

திங்கள், வழியில்

நாள் முழுக்க மேகம், படம் இல்லை. வண்டியில் போகும்போது ஃபிலிம் காலத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. 1930களில் பாரிஸின் இரவுகளைத் தேடித் தேடிப் படமெடுத்த பிராசாய், சிகரெட் எரியும் நேரத்தைக் கொண்டு விநாடியைக் கணக்கிட்டவர். ஃபிலிமில் இன்னொரு சிக்கலும் இருந்தது: வெளிச்சம் மங்கலானால் நேரத்தை இரட்டிப்பதால் பதிவு இரட்டிப்பதில்லை. வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் ஒரு நிமிடம் என்று சொன்னால், சில ஃபிலிம்களுக்கு இரண்டு மூன்று நிமிடம் கொடுக்க வேண்டும். இதை நட்சத்திரப் படங்களைக் கொண்டு 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அளந்து சூத்திரம் தந்தவர் கார்ல் ஷ்வார்ட்ஸ்ஷில்ட், கருந்துளைக் கணக்கில் பெயர் வருகிற அதே வானியலாளர். டிஜிட்டல் சென்சாருக்கு இந்தச் சிக்கல் இல்லை. அதன் தொல்லை சூடு. நேரம் நீள நீளச் சென்சார் சூடாகி இல்லாத இடத்தில் சிவப்பும் நீலமுமாகப் புள்ளிகள் வரும். கேமராவிலுள்ள நாய்ஸ் குறைப்பு, அதே நேரத்துக்கு ஷட்டரை மூடியபடி ஒரு கறுப்புப் படம் எடுத்து அந்தப் புள்ளிகளைக் கழிக்கிறது. நான்கு நிமிடப் படத்துக்கு இன்னொரு நான்கு நிமிடம் காத்திருக்க வேண்டும்.

செவ்வாய் இரவு முதல் புதன் விடியல் வரை, மலை

மேகம் விலகிவிட்டது.

வந்ததும் செய்த முதல் வேலை, போன் திரைகளை அணைத்தது. கண் இருட்டுக்கு முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் வேண்டும். ஒரு வெள்ளை வெளிச்சம் அதை நொடியில் கலைத்துவிடும். ஹெட்லேம்பில் சிவப்பு மட்டும். இருட்டில் பார்க்கிற செல்கள் சிவப்புக்கு அவ்வளவாக அசைவதில்லை.

முன்னிரவில் அரை நிலா. அரை நிலா என்றால் முழு நிலாவின் பாதி வெளிச்சம் என்று நினைக்கத் தோன்றும். கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்குதான். பக்கவாட்டு வெயிலில் நிலாவின் பள்ளங்களும் மேடுகளும் நிழல் விழுந்து கிடக்கின்றன. முழு நிலாவன்று நேர் வெயிலில் அந்த நிழல்கள் மறைந்து, ஒளி வந்த திசையிலேயே திரும்புகிறது. அந்த முழு நிலா வெளிச்சமே வெயிலில் ஏறக்குறைய 4 லட்சத்தில் ஒரு பங்கு. இவ்வளவு சொற்பத்தை வைத்துக்கொண்டு எஃப் 2.8, ஐஎஸ்ஓ 3200, 20 விநாடி எடுத்தால் மலைச்சரிவு முழுக்க எழுந்து வந்துவிடுகிறது! புல் பச்சையாக, மண் செம்மையாக, வானம் நீலமாக. நிலாவொளி என்பது திரும்பி வந்த சூரிய ஒளிதானே. காற்று அதையும் பகலில் சிதறடிப்பது போலவே சிதறடிக்கிறது. நீலம் எப்போதும் அங்கே இருக்கிறது, நம் கண்ணுக்குத்தான் அந்த மங்கலில் நிறம் எட்டவில்லை. இன்னும் ஒரு ஸ்டாப் கூட்டினால் நட்சத்திரம் முளைத்த பகல் மாதிரி ஆகிவிடும். நான் வேண்டுமென்றே குறைத்தே வைத்தேன், இரவு இரவாக இருக்கட்டும் என்று.

தம்பியைச் சரிவில் நிற்கச் சொன்னேன். 20 விநாடி அசையாமல், மூச்சை மெதுவாக விட்டுக்கொண்டு. அவன் நன்றாகவே நின்றான். முகமும் கையும் தெளிவு, சட்டையின் ஓரம் மட்டும் காற்றில் கலைந்திருக்கிறது.

நள்ளிரவை ஒட்டி நிலா இறங்கியது. அதற்குள் தென்கிழக்கில் விருச்சிகம் ஏறிவிட்டது. செக்கச்செவேலென்று கேட்டை, வளைந்த வாலில் மூலம். நாள்காட்டியில் தினம் படிக்கிற பெயர்களைத் தலைக்கு மேலே விரல் நீட்டிக் காட்ட முடிவது எவ்வளவு சந்தோஷம். மூலத்துக்கும் தனுசுக்கும் இடையில்தான் பால்வீதியின் மையம் இருக்கும் திசை. கண்ணுக்கு அது ஒரு வெளிறிய புகை. இந்தப் புகையைக்கூட உலக மக்களில் மூன்றில் ஒரு பங்கினரால் தாங்கள் வாழும் இடத்திலிருந்து பார்க்க முடியாது என்று 2016இல் வெளியான ஒளி மாசு வரைபட ஆய்வு கணக்கிட்டது. தம்பி பால்வீதியை இன்றுதான் முதல்முறையாகப் பார்க்கிறான்.

ஃபோகஸ் கையால்தான். லைவ் வியூவில், அதாவது கேமராத் திரையில் தெரியும் நேரடிக் காட்சியில், பிரகாசமான நட்சத்திரம் ஒன்றைப் பெரிதாக்கி, அது மிகச் சிறிய புள்ளியாகும் வரை வளையத்தைத் திருப்ப வேண்டும். லென்ஸில் உள்ள முடிவிலிக் குறியை நம்ப முடியாது. ட்ரைபாடில் வைத்தபின் அதிர்வுத் தடுப்பை அணைத்தேன். நேரம் எவ்வளவு? பூமி மணிக்கு 15 பாகை சுழல்கிறது, அதிகம் திறந்தால் புள்ளிகள் கோடாகும். 500ஐ லென்ஸின் மில்லிமீட்டரால் வகுக்கும் பழைய விதிப்படி 20 மி.மீ.க்கு 25 விநாடி. இன்றைய நுணுக்கமான சென்சார்களுக்கு அது தாராளம். நான் 15இல் நிறுத்தினேன். எஃப் 2.8, ஐஎஸ்ஓ 6400.

இங்கேதான் சனிக்கிழமைக் கணக்கு திரும்புகிறது. நட்சத்திரமும் நகர்கிற விளக்குதான். அது ஒரு புள்ளியைத் தாண்டிவிட்டபின் ஷட்டரை எவ்வளவு நேரம் திறந்து வைத்தாலும் அந்த நட்சத்திரம் இன்னும் பிரகாசமாகாது, நீளத்தான் செய்யும். பின்னால் நிற்கிற வானத்தின் மங்கலான வெளிச்சம் மட்டும் சேர்ந்துகொண்டே போகும். அந்த வெளிச்சம் ஊர் விளக்கு மட்டுமில்லை. தொடுவானத்தை ஒட்டி எங்கள் படத்தில் லேசான பச்சைப் பட்டைகள் வந்தன. சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் ஆக்ஸிஜன் தானாக உமிழும் ஒளி அது, 557.7 நானோமீட்டர். இருட்டான வானமும் முழு இருட்டில்லை.

மூன்று மணிக்குப் பனி இறங்கி லென்ஸ் மங்கத் தொடங்கியது. வெப்பப் பட்டையைச் சுற்றினோம். விடியும் வரை தாங்கியது.

புதன் இரவு, அதே மலை

இன்று வடக்கே திரும்பி, நட்சத்திரத் தடங்கள். துருவ நட்சத்திரத்தைத் தேடுவது எளிது: நிற்கும் இடத்தின் அட்சரேகை எத்தனை பாகையோ, தொடுவானத்திலிருந்து அத்தனை பாகை உயரம். அதன் கீழே ஒற்றை மரம் ஒன்று வருமாறு நகர்ந்து நகர்ந்து இடம் பிடித்தோம்.

ஒரே படமாக ஒரு மணி நேரம் திறந்து வைப்பதும் உண்டு. இப்போது பெரும்பாலும் 30 விநாடிப் படங்களாகத் தொடர்ந்து எடுத்துப் பிறகு சேர்க்கிறோம். சூடு குறைவு, இடையில் யாராவது டார்ச் அடித்தால் அந்தப் படத்தை மட்டும் எடுத்துவிடலாம். இதற்கு நாய்ஸ் குறைப்பை அணைத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு படத்துக்கும் இடையில் 30 விநாடி ஓட்டை விழுந்து தடங்கள் புள்ளிக்கோடாகிவிடும். எஃப் 4, ஐஎஸ்ஓ 1600.

இந்த வெளிச்சத்தில் மரம் கறுத்துப்போகும். மரம் நிற்கிறது, அதற்குத் தேவை நேரம். காற்று அடங்கிய சமயம் பார்த்து, மரத்துக்காகத் தனியே ஒரே படம்: ஐஎஸ்ஓ 800, மூன்று நிமிடம். நிலா மேற்கே இருந்ததால் மரத்தின் இடப்பக்கம் மட்டும் வெளிச்சம், வலப்பக்கம் தன் இருட்டில் விடப்பட்டது.

வியாழன், திரும்பும் வழி

கணினியில் சேர்த்துப் பார்த்தோம். ஒவ்வொரு புள்ளியிலும் எந்தப் படத்தில் வெளிச்சம் அதிகமோ அதை மட்டும் எடுக்கிற முறை. வானம் வெளுக்காமல் தடம் மட்டும் நீளும். அந்த இரவில் எடுத்த அத்தனையையும் சேர்க்கச் சொன்னான் தம்பி. சேர்த்தால் வானம் முழுக்க வளையங்கள் நெருக்கி, மரத்துக்கு இடமில்லாமல் போனது. பாதியாகக் குறைத்தேன், பிறகு இன்னும். 40 நிமிடத்தில் நின்றேன். 10 பாகை வளைவு. சுழல்கிறது என்று தெரிய அது போதும், ஒவ்வொரு நட்சத்திரமும் தன் நிறத்தோடு தனித்தனியாகவும் தெரிகிறது. தம்பி தன் நீண்ட படத்தைத் தனியே சேமித்து வைத்துக்கொண்டான். அடுத்த முறை முழு நிலாவில் கடலுக்குப் போகலாம் என்கிறான். ஃபில்டர் இல்லாமலே நான்கு நிமிடம் திறந்து வைக்கலாமே என்று கணக்கும் போட்டுவிட்டான். கணக்கு சரிதான்.